தண்ணீர்க் குடத்தின் பாவம்

பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் கொசுவத்தி கொளுத்த முடியாது. சுருளாக எரிகிற கொசுவத்தியிலும் சுவர்ப் பிளக்கில் செருகுகிற திரவக் குப்பியிலும் இருப்பது பைரித்திராய்டு வகை மருந்து. கொசுவை மயக்கிக் கொல்லும் அதே மருந்து பட்டுப்புழுவுக்கும் நஞ்சு. காற்றில் கொஞ்சம் கலந்தாலே புழு இலையைத் தொடாது. பச்சை நீரைக் கக்கி, நெளிந்து, சுருங்கிச் செத்துப்போகும். வேப்ப எண்ணெய் தெளித்த மல்பெரி இலையைக்கூடச் சில நாள் விட்டுத்தான் பறிப்பார்கள். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ராமகுப்பம், குப்பம், சாந்திபுரம், பலமநேர் வட்டாரங்களில் பட்டுப்புழு வளர்ப்பு பல குடும்பங்களின் பிழைப்பு. மூன்று மாநில எல்லை கூடுகிற இடம் அது. ஒரே பூச்சியைத் தமிழில் கொசு என்றும் தெலுங்கில் தோம என்றும் கன்னடத்தில் சொள்ளெ என்றும் திட்டுகிற ஊர்கள். மழை குறைவு, நம்பிக்கை ஆழ்துளைக் கிணற்றின் மேல். தண்ணீர் வருகிற நேரத்தில் டிரம், சிமெண்டுத் தொட்டி, மாட்டுத் தொட்டி, குடம் என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்து வைப்பார்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் கொசு எப்படி என்று வியக்க வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏரியும் ஆறும் தேவையில்லை, மூடாத ஒரு டிரம் போதும். புகையும் போட முடியாது, மருந்தும் அடிக்க முடியாது என்ற நிலையில் அந்த வீட்டுக்கு மிஞ்சுவது வலையும் பொறியும்தான். எந்தப் பொறி, எங்கே வைப்பது என்பது கடைக்காரரிடம் கேட்கிற கேள்வி. பொறி வைக்கலாமா என்பது அதற்கு முந்தைய கேள்வி. அது அறத்தின் கேள்வி, இந்த மண்ணில் அது சமயத்தின் கேள்வியும்கூட.

கொசுவுக்கெல்லாமா தர்ம விசாரணை என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் முன்னோர் கொசுவை விசாரணைக்கு வெளியே தள்ளவில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது எறும்புக்கு மூன்றறிவும் நண்டுக்கும் தும்பிக்கும் நாலறிவும் தருகிறது. சமணர் அதே முறையில் ஈயையும் கொசுவையும் நாலறிவு உயிராகக் கொண்டார்கள்: தொடுதல், சுவைத்தல், முகர்தல், பார்த்தல் உண்டு, கேட்டல் இல்லை. (ஆண் கொசு பெண்ணின் சிறகொலியைத் தன் உணர்கொம்பால் கேட்டுத்தான் துணை தேடுகிறது என்பது இன்றைக்குத் தெரிந்த செய்தி. அந்தக் கணக்கில் கொசுவுக்கு ஓர் அறிவு கூடக் கொடுத்திருக்க வேண்டும்.) சமணர் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை உதறி எறியாமல், தண்ணீர் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவார்கள். பௌத்த விநயமும் இதில் கண்டிப்பானது. உயிர்கள் இருக்கின்றன என்று தெரிந்தே ஒரு பாத்திரத்து நீரைப் புல்லிலோ மண்ணிலோ கொட்டும் பிக்கு குற்றம் செய்தவராகிறார். மழைக்காலத்து வாளியில் நெளியும் கொசுப்புழுவைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி எதைக் குறித்து எழுந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இல்லறத்தானுக்கு நம் மரபு இன்னும் நேரடியான ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மனுஸ்மிருதி ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். சமைக்கும்போதும் அரைக்கும்போதும் பெருக்கும்போதும் குத்தும்போதும் நீர் முகக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாகின்றன. அந்தப் பாவத்துக்கு ஈடாகத்தான் ஐந்து வேள்விகள் இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்டன. மனுவில் ஏற்க முடியாதவை எத்தனையோ உண்டு. ஆனால் இந்த ஒரு கருத்தில் இருக்கும் நேர்மையை ஒதுக்கிவிட முடியவில்லை. கொல்லாமல் குடும்பம் நடத்தலாம் என்று அது பொய் சொல்லவில்லை. கொல்கிறாய், அதை அறிந்திரு, அதற்குக் கடன்பட்டிரு என்கிறது. சமணமும் இல்லறத்தானின் இம்சையை நான்காகப் பிரித்தது. வேண்டுமென்றே மனத்தில் உறுதி செய்து கொல்வது சங்கல்பி. வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்யோகி. தாக்க வருபவரைத் தடுப்பதில் நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை மட்டுமே இல்லறத்தான் முற்றாக விட வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்தால் போதும். துறவிக்கு மட்டுமே நான்கும் விலக்கு.

கொசுப்பொறி இந்த நான்கில் எது? கையில் உட்கார்ந்த கொசுவை அடிப்பது சிக்கலில்லை. அது தடுப்பு, விரோதி. பொறி அப்படியல்ல. கடிக்காத நேரத்தில், கண்ணில் படாத உயிருக்காக, முன்கூட்டி யோசித்து, அதன் பசியையோ கருவையோ தூண்டிலாக்கி வைப்பது. சங்க காலத்து வேடர் பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைத்தார்கள். அந்தப் பழக்கிய மானுக்குப் பார்வை என்று பெயர். பொறி அந்தப் பார்வையின் வழிவந்தது. நான் கொல்லவில்லை, வாளியைத்தான் வைத்தேன், அது வந்து விழுந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவருக்கு நீலகேசி பதில் சொல்லிவிட்டது. பிறர் கொன்ற இறைச்சியை உண்பதில் எங்களுக்குக் குற்றமில்லை என்ற பௌத்தரோடு வாதாடுகிற சமண நூல் அது. கொலைக்குக் காரணத்தை உண்டாக்குபவன் கொலையிலிருந்து விலகி நிற்க முடியாது என்பது அதன் வாதத்தின் நரம்பு. ஆகவே பொறி வைப்பவர் கொல்கிறார்; இதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். அது சங்கல்பியா விரோதியா என்பதுதான் மிச்சம். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதுவரை கொசு தொல்லை, அதன்பின் எதிரி. அனாபிலிஸ் மலேரியாவையும் கியூலெக்ஸ் யானைக்காலையும் ஏடிஸ் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் சுமக்கின்றன என்று அறிந்த பிறகு, வீட்டுக் குழந்தைக்காகப் பொறி வைப்பவரைத் தாக்குபவர் வரிசையில் வைக்க முடியாது, காப்பவர் வரிசையில்தான் வைக்க வேண்டும். ஆனால் இந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு, நான் சொல்ல வந்ததே அதுதான். விரோதி என்ற பெயரில் கொல்ல வேண்டுமானால், சாவது விரோதியாக இருக்க வேண்டும். யார் சாகிறார் என்று தெரியாமல் வைத்த பொறிக்கு அந்த விலக்கு கிடையாது.

இது நூல் வாதமாக மட்டும் நிற்கவில்லை. கடைகளில் அதிகம் விற்கும் வெளிமுற்றப் பொறி நீல ஊதா விளக்கும் மின்கம்பி வலையும் கொண்டது. மாலையில் ஏற்றி வைத்தால் சடசடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்கக் கேட்க வீட்டாருக்கு நிம்மதி. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இப்படிப்பட்ட விளக்குகளில் விழுந்த பூச்சிகளை ஆய்வாளர்கள் ஒன்றுவிடாமல் எண்ணினார்கள்; முடிவு 1996இல் வெளியானது. மொத்தம் 13,789 பூச்சிகள். அவற்றில் மனிதரைக் கடிக்கும் கொசுவும் கொசு போன்றவையும் 31. பாதியளவு, நீர்நிலைகளில் பிறந்து யாரையும் கடிக்காமல் மீனுக்கும் பறவைக்கும் இரையாகிப் போகிற பூச்சிகள். எஞ்சியவற்றில் பயிர்ப்பூச்சிகளை வேட்டையாடும் நன்மைப் பூச்சிகளும் கணிசம். காரணம் எளிது. பெண் கொசு விளக்கைத் தேடி வருவதில்லை. நாம் விடும் மூச்சின் கரியமில வாயு, உடலின் வெப்பம், வியர்வையின் மணம், இவற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறது. விளக்குக்கு மயங்குவது அந்துப்பூச்சி. ஏடிஸோ பகலில் கடிப்பது. மாலையில் ஏற்றும் விளக்குக்கும் அதற்கும் பேச்சே இல்லை. பட்டு நூற்கும் புழுவும் வளர்ந்தால் ஓர் அந்துப்பூச்சிதான் என்பதை ராமகுப்பத்து வீட்டுக்காரருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. உள்ளே தட்டில் வளர்வதற்குக் குளிரடித்தால் பதறுகிற வீடு, வெளியே அதன் உறவினங்களைச் சத்தத்தோடு எரித்துக்கொண்டிருந்தால், அங்கே பிழை கொன்றதில் இருக்கிறதா, தெரியாமல் கொன்றதில் இருக்கிறதா? தெரியாமல் கொன்றதில் என்பேன். சடசடப்பு அந்த வீட்டுக்குக் காவல் என்ற நம்பிக்கையைத் தருகிறது, காவலைத் தரவில்லை. அந்த நம்பிக்கையின் நிழலில் டிரம் திறந்தே கிடக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டுப்புழு வளர்ப்பவருக்கு முன்னால் நின்று அந்துப்பூச்சிக்காகக் கண்ணீர் விடுவது வேடிக்கையல்லவா? நான்கு முறை தோல் உரித்து, ஏறக்குறைய நாலு வாரம் தின்று, சந்திரிகை என்ற தட்டியில் ஏறிக் கூடு கட்டிய புழுவை உள்ளேயே ஆவியில் அவித்துத்தான் நூல் எடுக்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ கூடு வேண்டும். உயிர்க் கணக்கில் அது சில ஆயிரம். காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதைச் சொல்லியே பட்டுடுத்துவதை விடச் சொன்னார். பூச்சி வெளியேறிய பிறகு கூட்டிலிருந்து நூல் எடுக்கிற அகிம்சைப் பட்டை ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையா உருவாக்கினார். எனவே கேள்வி நியாயமானது. ஆனால் என் வாதத்தை அது உடைக்கவில்லை, தெளிவாக்குகிறது. பட்டு வளர்ப்பவர் யாரைக் கொல்கிறோம், எத்தனை, எதற்காக, எந்த நாளில் என்று அறிந்து கொல்கிறார். அது சமணக் கணக்கில் உத்யோகி. அதை ஏற்பதும் மறுப்பதும் கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற முடிவு. நீல விளக்கில் அந்த முடிவு எடுக்கப்படுவதே இல்லை. மேலும், குறிபார்த்து வைக்கும் பொறி என்ன என்பது பட்டு விவசாயிக்கு ஏற்கெனவே தெரியும். 1980இல் வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்குள் நுழைந்து பட்டு வட்டாரங்களுக்குப் பரவிய ஊசி ஈ, புழுவின் உடலில் முட்டை வைத்து அதை உள்ளிருந்தே தின்னும். அதற்காக வளர்ப்பு மனையின் சன்னல்களுக்கு நைலான் வலை கட்டுவார்கள். அந்த ஈயை மட்டும் இழுக்கிற மருந்தைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் சன்னலோரம் வைப்பார்கள். முதலில் வலை, வலையைத் தாண்டி வருவதற்குப் பொறி; பொறியும் அந்த ஒன்றுக்கு மட்டும். கொசுவுக்கும் இதே வரிசைதான் சரி. தன் புழுவுக்குச் செய்ததைத் தன் பிள்ளைக்குச் செய்யாமல் விளக்கு வாங்குவதுதான் வியப்பு.

அப்படியானால் ஏடிஸுக்குக் குறிபார்த்த பொறி எது? முட்டையிட வரும் பெண்ணைப் பிடிக்கும் வாளி. கறுப்பு வாளியில் வைக்கோல் ஊறிய நீர்; நீருக்கு மேல், கொசு இறங்க முடியாதபடி நெருக்கமான வலை; உட்சுவரில் பசை தடவிய தாள். நிழலான மூலையில், ஆட்கள் உட்காரும் திண்ணையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், புழுமனைக்குத் தீங்கில்லை. சிங்கப்பூரில் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு இவ்வகைப் பொறிகளை அடுக்குமாடிகள் எங்கும் வைத்திருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ தீவின் தென்பகுதியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் வீட்டுக்கு மூன்று வீதம், நூற்றுக்கு 85 வீடுகளுக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள்; பெண் ஏடிஸ்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பிறகு அந்தத் தீவில் சிக்குன்குனியா பரவியபோது, பொறி வைத்த ஊர்களில் தொற்றுக்கு ஆளானவர் விகிதம் வைக்காத ஊர்களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதி. கடிப்பது பெண் கொசு மட்டுமே. அதுவும் தன் பசிக்காக அல்ல, முட்டை முதிர. ஆண் கொசுவுக்குப் பூந்தேனே உணவு. முட்டையிட வருகிற பெண் ஏற்கெனவே ஒருவரையாவது கடித்தது. நோய்க்கிருமியைச் சுமக்க வாய்ப்புள்ளது அதுதான். குற்றத்துக்கு இதைவிட நெருங்கிப்போய்ப் பொறி வைக்க முடியாது.

ஆனால் அதை எழுதும்போதே மனம் இடறுகிறது, அந்த இடறலை மறைக்க நான் விரும்பவில்லை. பிடிபடுவது கருவுற்ற தாய். அவளை ஏமாற்றுவது உணவின் ஆசை காட்டி அல்ல, பிள்ளைக்கு நல்ல தண்ணீர் இங்கே இருக்கிறது என்று சொல்லி. சமணர் விலக்கச் சொன்ன நான்கு கசடுகளில் மாயை, அதாவது வஞ்சனை, ஒன்று. பார்க்க அருவருப்பான பொறியே அறத்தில் நேரான பொறியாக இருக்கிறது. பார்க்க அழகான நீல விளக்கு அறத்தில் கோணலாக இருக்கிறது. இது ஏன் என்று யோசித்தால், நம் கருணை பல நேரங்களில் நம் கண்ணின் சௌகரியமாக மட்டுமே இருப்பது புலப்படும். தாயை வஞ்சிப்பது நம்மை உறுத்துகிறது, ஏனெனில் அங்கே யாரை வஞ்சிக்கிறோம் என்று தெரிகிறது. அந்த உறுத்தல் இருக்கட்டும். ஐந்து கொலைக்களங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட மரபு இல்லறத்தானிடம் எதிர்பார்த்தது அந்த உறுத்தலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேள்வி அதற்கான சடங்கு வடிவம், அவ்வளவே.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு வேறு. ஒரு கொசுவுக்கு இத்தனை ஆராய்ச்சியா, எது கிடைக்கிறதோ அதால் அடித்து ஒழிக்க வேண்டியதுதானே? இந்த நாடு அதையும் செய்து பார்த்திருக்கிறது. விடுதலை பெற்ற 1947இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம். வீடு வீடாகச் சுவரில் டிடிடி. 1961 வாக்கில் நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கினார்கள். அது பெரும் சாதனை, அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. அதனால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இதைப் படிக்கிறார்கள். ஆனால் மருந்து ஒன்றே போதும் என்று ஆனதும் கவனம் தளர்ந்தது. கொசு மருந்துக்குப் பழகியது, மருந்து வாங்கவும் தட்டுப்பாடு. 1976இல் நோயாளிகள் 64 லட்சம். எதிரி யார், எங்கே பிறக்கிறான், எப்போது வருகிறான் என்ற கவனத்தை வைத்துத்தான் எந்தத் திட்டமும் ஓடுகிறது. கவனம் போனால் கொலை மட்டும் மிஞ்சும், பயன் மிஞ்சாது. உலகில் 3,500க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உண்டு. நமக்கு நோய் தருபவை அவற்றில் சொற்பம். ஒழிப்பது என்ற சொல்லே எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் பேசும் சொல்.

வள்ளுவர் விலக்கு எதுவும் தரவில்லையே என்று கேட்கலாம். கொல்லாமை அதிகாரத்தில் தன்னுயிர் போவதாயினும் பிறவுயிரைப் போக்கலாகாது என்ற அளவுக்குப் போகிறாரே? உண்மைதான். ஆனால் 33ஆவதான அந்த அதிகாரம் நிற்பது துறவறவியலில். இதைச் சொல்லி இல்லறத்தானைத் தப்பவிடுவது என் நோக்கமல்ல, குறள் எல்லாருக்கும் உரியது. துறவிக்குச் சேர்த்து வைத்த தண்ணீர் கிடையாது என்பதைத்தான் சுட்ட விரும்புகிறேன். அவர் கொல்லாமலிருக்க முடிவது, தான் வாழும் முறையால் கொசுவை வளர்க்காமலும் இருப்பதால். குடித்தனக்காரர் டிரம் நிறைய வளர்த்துவிட்டுப் பிறகு கொல்லவும் மாட்டேன் என்றால், அந்தக் கொல்லாமையின் விலையைக் கட்டுவது பக்கத்து வீட்டுக் குழந்தை. 1926இல் அகமதாபாத் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தெருநாய்கள் அறுபதைக் கொல்லச் செய்தபோது காந்தி அதைத் தவறென்று சொல்ல மறுத்தார். பெரும் கண்டனம் எழுந்தது. வளர்க்கும் பொறுப்பை ஏற்காமல் சோறு மட்டும் போட்டுத் தெருநாயைப் பெருக்குவது தயையாகாது என்று தன் இதழ்களில் தொடர்ந்து எழுதினார். அவர் முடிவை ஏற்காதவர்கூட அந்த வாதத்தின் கூர்மையை மறுக்க முடியாது. மூடாத தொட்டி, உரிமை கொண்டாடாமல் போடுகிற சோறு. கொல்லாமையில் மிக உயர்ந்தது பிறக்கவிடாமல் இருப்பது. அதில்தான் ஓருயிரும் சாவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புதுச்சேரி மையம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. அந்த ஆணோடு கூடிய சாதாரணப் பெண்ணின் முட்டை பொரிவதில்லை. கொலையா கருத்தடையா என்று வருங்காலத்து நீலகேசி வாதாடட்டும். டிரம்முக்கு மூடி போடுவதில் அந்த வாதத்துக்கே இடமில்லை.

பொறியின் அறத்தில் இன்னொரு முகம் தெருவுக்கு உரியது. ஏடிஸ் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. ஆனால் அந்தச் சில நூறு மீட்டருக்குள் ஒரு தெருவே அடங்கிவிடும். போர்ட்டோ ரிக்கோவில் பயன் தந்தது ஒரு வீட்டின் மூன்று வாளி அல்ல, ஊரே வைத்த வாளி. வீட்டு மதிலுக்குள் முடிகிற புண்ணியம் இங்கே இல்லை. அதோடு, இந்த வாளிக்கு ஒரு கொடிய குணம் உண்டு: மறந்துவிட்டால் அதுவே கொசுத் தொட்டிலாகும். வலை கிழிந்தால், தாளில் தூசி படிந்து பசை போனால், பொறி வைத்தவர் எதிரிக்குக் கூடு கட்டிக் கொடுத்தவராவார். முட்டையிலிருந்து இறக்கை முளைப்பதுவரை ஏழிலிருந்து பத்து நாள். எனவே வாரம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஆந்திர அரசு வெள்ளிக்கிழமையை உலர்நாள் என்று அறிவித்து வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களைக் காலிசெய்து காயவைக்கச் சொல்கிறது. நாள் பொருத்தம் அருமை. எல்லையின் இரு புறமும் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவி, வாசல் தெளித்து, குத்துவிளக்கு துலக்கி, சாம்பிராணி போடுகிற நாள். புழுமனை வீட்டில் அந்தப் புகையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். விளக்கைத் துலக்கிய கை குடத்தின் உட்பக்கத்துக்கும் போகட்டும். ஏடிஸ் முட்டை நீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். கவிழ்த்தால் போதாது, தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைக் கொலைக்களம் என்று எழுதியவர்களுக்கு இந்த முட்டையின் கதை தெரிந்திருக்க வழியில்லை; தெரிந்திருந்தால் குடத்தின் பாவத்துக்கு வேள்வியோடு நாரையும் சேர்த்திருப்பார்களோ என்னவோ.

கடைசியாக, விநயம் கிளப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. வெள்ளிக்கிழமை டிரம்மைத் திறந்து பார்க்கும்போது புழு நெளிகிறது. அதை மண்ணில் கொட்டினால் பிக்குவுக்குக் குற்றம். தண்ணீர் எடுத்த இடத்தில் திரும்ப விடலாம் என்றால் ஆழ்துளைக் கிணற்றுக்குள் எப்படி விடுவது? மீன் தொட்டியில் கொட்டி, இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள் சிலர். அது நீலகேசி மறுத்த வாதம்தான், கொலையை மீனின் பெயரில் எழுதுவது. நம் குளங்களில் விடப்பட்ட கம்பூசியா மீன் கொசுப்புழுவோடு நிற்காமல் நாட்டு மீன்குஞ்சையும் தவளை முட்டையையும் தின்கிறது. குறி தவறிய பொறிதான் அதுவும். மண்ணில்தான் கொட்ட வேண்டும், நம் கையால், நம் கணக்கில். கொட்டிவிட்டுத் தேய்த்துக் காயவைத்த டிரம்மின் வாய்க்கு ஒரு பழைய வேட்டித் துணியை இழுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். சமணர் தண்ணீர் வடிகட்டியதும் இப்படிப்பட்ட நெருங்கிய நெசவுத் துணியில்தான். அங்கே உள்ளே இருந்த உயிரைக் காப்பாற்ற வெளியே எடுத்தது. இங்கே வெளியே இருக்கும் உயிரை உள்ளே விடாமல் நிறுத்துகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் தண்ணீர் மட்டும் இருக்கும்.